விரியன் நஞ்சின் நான்காவது பீக்

ஜனவரி 9, திங்கள்

என் மேசையை நகர்த்தியிருக்கிறார்கள். பதினோரு வருடமாக ஜன்னலோரம் இருந்த மேசை. காலையில் லேபுக்குப் போனால், குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில், கம்ப்ரசர் உறுமும் மூலையில் கிடக்கிறது. ஜன்னலோரத்தில் இரண்டு பெரிய கணினித் திரைகள். அவற்றின் முன்னால் ஒருவன் உட்கார்ந்து என் நாற்காலியின் உயரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"பொற்கொடி அக்காதானே? நான் ஜெரால்டு. அஞ்சு வருஷம் ஜெர்மனில இருந்தேன். ஊரு தூத்துக்குடி."

"நாற்காலி என்னோடது" என்றேன்.

எழுந்து கொடுத்துவிட்டான். நான் அதை லேபின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருட்டிக்கொண்டு போனேன். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. மாணவர்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சமையல் கேஸ் பதிவு செய்தேன். "புது ஆளு எப்படி?" என்று இவர் கேட்டார். வாய் நிறையப் பல் என்றேன்.

ஜனவரி 12, வியாழன்

முகுந்தன் சார் கூப்பிட்டார். எங்கள் பாம்பு விஷ லேபுக்குத் தலைவர். கோயம்புத்தூரில் இந்த ஆய்வு நிலையத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்தால் அவர் படம்தான் வரும்.

"சேனல்-டாக்சின் வேலைய இனி ஜெரால்டு பாக்கட்டும். நீங்க வழக்கம் போல சேனலையும் விஷத்தையும் சுத்தம் பண்ணிக் குடுங்க."

"ஆறு வருஷமா நாந்தானுங்க சார் அதப் பண்றேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். ஆறு வருஷம் ஆச்சு."

நான் எம்.எஸ்சி.யோடு இங்கே வந்தவள். என் பிஎச்.டி. பதிவு காலாவதியானது அவருடைய ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தபோதுதான். அதை இன்றைக்கு நினைக்கக் கூடாது என்றிருந்தேன். நினைத்துவிட்டேன்.

ஜனவரி 24, செவ்வாய்

மாணவர்களுக்கு அவன் பாடம் எடுத்தான். கம்ப்ரசர் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"தசையோட தோல்ல ஒரு வாசல் இருக்கு. அயனிக் கால்வாய், நம்ம சேனல். நரம்பு அனுப்புத சேதி வந்து ரெண்டு பக்கமும் ஒக்காந்தாத்தான் வாசல் தெறக்கும். தெறந்தா உப்பு உள்ள பாயும், தசை இழுக்கும். கட்டுவிரியன் வெசம் என்ன செய்யுதுன்னா, சேதி ஒக்கார வேண்டிய எடத்துல அது போயி ஒக்காந்துக்கிடுது. வாசல் மூடியே கெடக்கும். மொதல்ல கண்ணிமை தொங்கும். அப்புறம் தொண்டை. கடைசில மூச்சு."

பிறகு, அந்த வாசலையும் விஷத்தையும் கட்டிப்பிடித்த நிலையிலேயே நொடியில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்தால், எங்கே எப்படிப் பிடித்திருக்கிறது என்று அணு அணுவாகத் தெரியும் என்றான். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டன. இதையே நானும் ஆறு வருடமாகச் சொல்கிறேன். கொட்டாவி விட மட்டும்தான் பிளந்திருக்கின்றன.

பிப்ரவரி 3, வெள்ளி

நான் மூன்று வாரம் பாடுபட்டு எடுத்த சேனல் முழுவதையும் ஜெரால்டு இரண்டே நாளில் உறையவைத்துத் தீர்த்துவிட்டான். ஒன்றும் தேறவில்லையாம்.

"மாதிரி அவ்வளவு சுத்தமில்லக்கா" என்றான், எல்லோர் முன்னிலும்.

"உனக்கு உறைய வைக்கத் தெரியலீன்னு சொல்லு."

"தெரியாமலா அஞ்சு வருஷம் அங்க வச்சிருந்தாங்க?"

"பின்ன ஏன் இங்க அனுப்பிட்டாங்க?"

அவன் முகம் சிவந்தது. எனக்கு மதியச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

பிப்ரவரி 4, சனி

மாவு புளித்துவிட்டது. கொட்டினேன்.

பிப்ரவரி 15, புதன்

டாக்டர் ரெஹானா போன் செய்தார். மலையடிவாரத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் இருக்கிறார். பாம்புக்கடி என்றால் அவர்தான். மஞ்சள் காட்டில் வேலை செய்கிற ஒரு பெண்ணாம், பெயர் பழனியம்மாள், வயது முப்பத்துநான்கு. கட்டுவிரியன் கடித்து ஆறு நாள் ஆகிறது. விஷமுறிவு மருந்து போதுமான அளவு ஏற்றியும் கண்ணிமைகூடத் திறக்கவில்லை. செயற்கை மூச்சில் இருக்கிறாள்.

"மூணு வருஷம் முன்னாடி உங்க லேப் கூட்டத்துக்கு வந்திருந்தேன். நாலாவது பீக்னு ஏதோ காட்டினீங்களே. அதுல அப்புறம் ஏதாவது தெரிஞ்சுதா பொற்கொடி?"

கட்டுவிரியன் நஞ்சைக் கருவியில் ஓட்டினால் திரையில் ஏழு முகடுகள் ஏறி இறங்கும். பீக் என்போம். ஒவ்வொன்றும் ஒரு தனி விஷம். மூன்றாவது, உலகமே அறிந்தது. எங்கள் ஆய்வும் அதில்தான். நான்காவது அதன் தோளில் சின்னத் திமில் மாதிரி வரும், பார்வைக்கே தப்பிவிடும். அதைத் தனியாகப் பிரித்தெடுக்க எனக்குப் பதினாலு மாதம் ஆனது. கோழிக்குஞ்சின் தசையைக் கம்பியில் கட்டித் துடிக்கவைத்துச் சோதித்தேன். மூன்றாவதை ஊற்றினால் துடிப்பு நிற்கும், முறிவு மருந்தைச் சேர்த்தால் மெல்லத் திரும்பிவரும். நான்காவதை ஊற்றினால் நிற்கும். எவ்வளவு மருந்தை ஊற்றினாலும் நின்றது நின்றதுதான்.

அன்றைய கூட்டத்தில் முகுந்தன் சார் என் வரைபடத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "கருவியைக் கழுவாம ஓட்டினா இப்படித்தான் வரும். இது பீக் இல்ல பொற்கொடி, குப்பை." எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒரு வருடம் லேபில் எது கெட்டுப்போனாலும் அதற்குப் பெயர் நாலாவது பீக்.

டாக்டரிடம், "அதுல ஒண்ணுமில்லீங்க. குப்பை" என்றேன்.

போனை வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

பெங்களூரில் நுண்ணோக்கிக்கு லேப் நான்கு மாதமாகக் காத்திருந்து முறை கிடைத்திருக்கிறது. இன்று இங்கே சேனலோடு விஷத்தைக் கலந்து உறையவைத்து, நாளை ஜெரால்டு எடுத்துப் போகிறான். மூன்றாவது பீக் கேட்டான். கொடுத்தேன். நீல மூடி போட்ட குழாய். பெட்டியில் மூன்றாவதும் நான்காவதும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. கையுறை ஈரமாக இருந்தது. லேபிளை நானே புதிதாக எழுதி ஒட்டிக் கொடுத்தேன், என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும்.

"தேங்க்ஸ்க்கா" என்றான்.

சாயங்காலம் கொள்ளு வேகவைத்தேன். இவர் தன் மோட்டார் ரிப்பேர் பட்டறையிலிருந்து வந்தார், சட்டை முழுக்க எரிந்த மோட்டார் வாடை. சட்டையை ஊறவைத்தேன். வாடை போகவில்லை. மறுபடியும் ஊறவைத்தேன்.

பிப்ரவரி 22, புதன்

போய்விட்டான். லேப் அமைதியாக இருக்கிறது.

மார்ச் 3, வெள்ளி

டாக்டர் ரெஹானாவிடமிருந்து ஒரு வரி வந்தது. பழனியம்மாள் இறந்துவிட்டாள். செயற்கை மூச்சிலேயே இருபத்திரண்டு நாள்; கடைசியில் நுரையீரலில் சளி கட்டிக்கொண்டதாம்.

நான் வேறு பதில் சொல்லியிருந்தாலும் மருந்து இல்லை. இருந்த மருந்து அதுதான். வேறு எதுவும் நடந்திருக்காது.

இதை எழுதியாயிற்று. போதும்.

மார்ச் 20, திங்கள்

படம் வந்துவிட்டது. பல லட்சம் துகள்களின் நிழலைச் சேர்த்துக் கணினி கட்டிய உருவம். ஜன்னலோரத் திரையில் அவன் அதைச் சுழற்ற, லேபே கூடி நின்றது. நானும் நின்றேன்.

மேலிருந்து பார்த்தால் ஐந்து இதழ். நடுவில் துளை. அந்தத் துளைதான் வாசல். இதழ்களுக்கு நடுவே இரண்டு இடுக்குகளில், ஒவ்வொன்றிலும் மூன்று விரல் உள்ள ஒரு கை உள்ளே நுழைந்து பிடித்திருக்கிறது. விஷம். இத்தனை வருடம் என் கையில் சொட்டுத் தண்ணீராக மட்டுமே இருந்தது. அதற்கு விரல் இருப்பதைப் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை.

அழகாக இருந்தது. அவன் திரையில் இருந்ததால் அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்காவோட மாதிரிதான் சார். இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல" என்று சாரிடம் சொன்னான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

ஜெரால்டுக்கு விஷத்தின் வரிசை படத்தில் உட்கார மாட்டேன் என்கிறதாம். மூன்றாவது பீக்கின் அமினோ அமில வரிசை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதை மணி மணியாக இந்த உருவத்துக்குள் கோக்க வேண்டும். சின்ன மணி இருக்க வேண்டிய இடத்தில் படத்தில் பெரிய புடைப்பு. புடைப்பு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்.

"அக்கா, அது மூணாவது பீக்தானே?"

"லேபிளப் பாத்துக்க."

"லேபிளப் பாத்துட்டுத்தாம் கேக்கேன்."

"அப்பறம் ஏன் கேக்கற?"

முகுந்தன் சார் ஆகஸ்ட் மாநாட்டுக்கு அவன் பெயரைக் கொடுத்துவிட்டார். "கொஞ்சம் வளைச்சு ஒக்கார வைப்பா. எல்லாப் படத்துலயும் நாலஞ்சு எடம் அப்படித்தான் இருக்கும்." ஜெரால்டு வளைக்க மாட்டேன் என்றான். உள்ளே சத்தம் கேட்டது. வெளியே வந்தவன் நேரே திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். சாப்பிடப் போகவில்லை.

தப்பான வரிசையோடு அவன் மாநாட்டில் நிற்பான், அங்கே எவனாவது எழுந்து கேட்பான், இவன் முழிப்பான். அந்தக் காட்சி எனக்குள் பல முறை ஓடியிருக்கிறது. இன்றும் ஓட்டிப் பார்த்தேன். அவன் வளைக்க மாட்டேன் என்று சொன்னது அதில் இல்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப் பிறப்பு. வேப்பம்பூ ரசம். இவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்ன புள்ள, ரெண்டு மாசமா யாரையோ அடிக்கப் போற மாதிரியே சுத்தற?" என்றார். ரசத்தில் உப்பு சரியா என்று கேட்டேன்.

மே 8, திங்கள்

மதியம் எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு ஜெரால்டு என் மூலைக்கு வந்தான். கையில் ஒரே ஒரு தாள். அதில் அறுபத்தெட்டு எழுத்துகள், எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம்.

"புத்தகத்துல இருந்த வரிசையத் தூக்கிப் போட்டுட்டு, படத்துல என்ன தெரியுதோ அதை மட்டும் ஒவ்வொண்ணா வாசிச்சேன் மேடம். அஞ்சு வாரம் ஆச்சு. இது மூணாவது பீக் இல்ல. உலகத்துல எந்தப் பட்டியல்லயும் இல்ல."

அக்கா, மேடம் ஆகியிருந்தது.

"பெட்டியில பக்கத்து பக்கத்துல இருந்துச்சு" என்றேன்.

"மிச்சம் இருந்த சொட்டை எடை போட்டுப் பாத்தேன். அப்புறம் உங்க பழைய நோட்டையும் பாத்தேன். நாலாவது பீக் எடையும் இதுவும் அச்சு அசல் ஒண்ணு. லேபிள் புதுசா எழுதியிருக்கு. பெட்டில மத்த நாலாவது குழாய் எல்லாத்துலயும் பழைய லேபிள் அப்படியே இருக்கு." குனிந்தான். குரல் உயரவே இல்லை. "என்னை அழிக்கப் பாத்தீங்க. ஊருக்குத் திரும்பி வந்து ஒரு வேலைக்கு நாயா அலையுதேன். இது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. தெரிஞ்சேதான் செஞ்சீங்க."

"சார்கிட்ட சொல்லு போ" என்றேன்.

"சொல்ல மாட்டேன். சொன்னா, மாதிரி மேல கேள்வி வரும், பேப்பர் போயிரும். நீங்க குப்பைன்னு நெனச்சு ஊத்திக் குடுத்தது புது விஷம். உங்க வாய நீங்க மூடுங்க, என் வாய நான் மூடிக்கிடுதேன்."

தாளை மேசையில் போட்டுவிட்டுப் போனான்.

குப்பை என்று நினைத்துக் கொடுத்தேனா? இல்லை. அது குப்பை இல்லை என்று உலகத்தில் ஒருத்திக்குத் தெரியும் என்றால் அது எனக்கு. பதினாலு மாதம். தெரிந்தே அதைக் குப்பையாகக் கொடுத்தேன். எல்லோரும் சொன்ன பெயராலேயே அதைப் பயன்படுத்தினேன்.

அந்த அறுபத்தெட்டு எழுத்துகளையும் மூன்று முறை வாசித்தேன்.

மே 9, செவ்வாய்

முகுந்தன் சார் குதிக்கிறார். நான்காவது பீக், புது விஷம் என்பதை மட்டும் ஜெரால்டு சொல்லியிருக்கிறான், குழாய் மாறிய கதையை அல்ல. லேபுக்கு மைசூர்பாகு. "அந்தத் தோள் பீக்ல ஏதோ இருக்குன்னு எனக்கு எப்பவுமே ஒரு உள்ளுணர்வு" என்று பிள்ளைகளிடம் சொன்னார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, மறந்தேபோய்விட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

மைசூர்பாகை எடுத்து டிஷ்யூவில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஜெரால்டு பார்த்தான். அவனும் தின்னவில்லை.

ஜூன் 12, திங்கள்

கட்டுரையின் வரைவு வந்தது. முதல் பெயர் அவன். கடைசிப் பெயர் சார். நான் நடுவில், ஐந்தாவது. செய்முறைப் பகுதியில் ஒரு வரி: 'நான்காவது பீக், அதன் தனித்தன்மை கருதி, ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.'

ஒப்புதல் கையெழுத்துப் போட வெள்ளி வரை நேரம் இருக்கிறது. என் ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. புதுப்பிக்கும் தாள் சாரின் மேசையில். அதையும் அவரே நினைவூட்டினார்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவினோம். அடியில் ஒரு சாண் சேறு.

ஜூன் 15, வியாழன்

டாக்டர் ரெஹானா வந்திருந்தார். அவர் அனுப்பிய நோயாளிகளின் குறிப்புகளும் கட்டுரையில் சேர்வதால் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். பர்தாவுக்கு மேல் வெள்ளைக் கோட்டு. மருத்துவமனையிலிருந்து நேரே பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

ஜெரால்டு திரையில் காட்டினான். "முறிவு மருந்துல இருக்கிற எதிர்ப்புரதம் விஷத்தை வெளிய நீட்டிட்டு இருக்கிற பாகத்துல பிடிச்சுத்தான் இழுக்கணும், டாக்டர். மூணாவது பீக்குக்கு அப்படி ஒரு கைப்பிடி உண்டு. இதுக்கு அந்தக் கைப்பிடி வாசலுக்குள்ளயே பொதைஞ்சு கெடக்கு. வெளிய தெரியுறது வேற மாதிரி முதுகு. இப்ப இருக்க மருந்துக்கு அந்த முதுகைத் தெரியாது."

டாக்டர் வெகுநேரம் திரையையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிப்ரவரியில உங்களுக்கு போன் பண்ணினேன். இதத்தான் கேட்டேன்."

"ஆமாங்க."

"ஒண்ணுமில்ல, குப்பைன்னு சொன்னீங்க."

முகுந்தன் சார் குறுக்கே வந்தார். "அப்ப நமக்கே தெரியாதில்லையா டாக்டர். அதுக்கப்புறம்தான் இந்த பீக்கைத் தேர்ந்தெடுத்து..."

"யாருமே தேர்ந்தெடுக்கலீங்க" என்றேன்.

சொல்ல வேண்டும் என்று காலையில் முடிவெடுத்துப் போகவில்லை. பேச ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பே கோழித் தசையில் இதைக் கண்டதைச் சொன்னேன். சார் அதற்கு வைத்த பெயரைச் சொன்னேன். ஜெரால்டு மூன்றாவதைக் கேட்டபோது நான்காவதை ஊற்றி, மூன்றாவது என்று என் கையால் எழுதி ஒட்டியதைச் சொன்னேன். கை தவறி அல்ல என்றேன். அவன் கெட்டுப்போகட்டும் என்று செய்தேன் என்றேன்.

ஜெரால்டு திரையை அணைத்தான்.

"பொற்கொடி, நீங்க டென்ஷன்ல இருக்கீங்க" என்றார் சார்.

"இல்லீங்க சார்."

டாக்டர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "பழனியம்மாள் புருஷன் தினமும் என்கிட்ட வந்து வேற ஊர்ல வேற மருந்து இருக்கான்னு கேப்பான். தெரியலப்பான்னாவது நான் சொல்லியிருக்கணும். இல்லன்னு சொன்னேன். உங்களை நம்பி." கதவருகே நின்றார். "மருந்து இல்லாம இருக்கலாம் பொற்கொடி. பதில் இருந்துச்சு."

ஜெரால்டு என்னைப் பார்த்த பார்வையில் நன்றி ஒரு துளியும் இல்லை.

ஜூன் 16, வெள்ளி

செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று கடிதம். சாவியை ஒப்படைத்தேன். கட்டுரையிலிருந்து என் பெயர் எடுக்கப்படும். முகுந்தன் சார் குளிர்பெட்டிச் சாவியை இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தார்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அந்தப் பொம்பளைக்குக் கொழந்தைக உண்டா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கவும் இல்லை.

ஜூலை 10, திங்கள்

பட்டறையில் ரசீது எழுதுகிறேன். சும்மா இருப்பதற்கு இது மேல்.

ஆகஸ்ட் 3, வியாழன்

காலை பத்து மணிக்கு ஜெரால்டு வாசலில் நின்றான். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

"ஏழு தடவ ஓட்டிப் பாத்துட்டேன். நாலாவது பீக் பிரிய மாட்டேங்குது. மூணாவதோட ஒட்டிக்கிட்டே வருது. உங்க நோட்டுல இருக்க மாதிரியேதான் செஞ்சேன்."

"நோட்டுல எல்லாம் இருக்காது."

"அது தெரியுது" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "ரெஹானா டாக்டர் முறிவு மருந்து செய்யுத ஒரு சீரம் நிலையத்துல பேசிட்டாங்க. நாலாவது பீக்கைக் குதிரைக்கு ஏத்தி அதுக்குன்னே தனி எதிர்ப்புரதம் எடுத்துப் பாக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. மாசாமாசம் விஷம் வேணும். உங்களைத் தவிர யாராலயும் எடுக்க முடியல. வாறீங்களா?"

"டாக்டர் அனுப்பினாரா?"

"உங்க பேரைச் சொன்னதும் அவங்க போனை வச்சிட்டாங்க. ஆனா வேண்டாம்னு சொல்லல."

வெயில் ஏறியிருந்தது. அவன் நெற்றியில் வியர்வை. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

"செய்முறை வரியை மாத்து" என்றேன். "மூணு வருஷம் முன்னாடி யார் கண்டாங்க, யார் தள்ளுனாங்க, பிப்ரவரில மாதிரி எப்படி மாறுச்சு, மூணையும் போடு."

"மூணாவதப் போட்டா உங்களுக்கு இனி எந்த லேபும் கதவு தெறக்காது. ரெண்டாவதப் போட்டா சார் கையெழுத்துப் போட மாட்டாரு. எனக்கு மாநாடும் போயிரும், வேலையும் போயிரும்."

"அப்ப மூணாவது பீக்கயே குதிரைக்கு ஏத்துங்க."

"உங்க பேரு வேணும்னு கேளுங்களேன்! அதக்கூடக் கேக்க மாட்டீங்க. எல்லாரையும் சேத்து இழுத்துட்டு விழணும், அதானே?" கேட்டைக் கையால் அறைந்தான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "நாப்பது நாளா ஒங்கள வைஞ்சுகிட்டேதான் அந்தக் கருவிய ஓட்டுதேன்."

"எத்தனை டிகிரியில ஓட்டுன?"

நிறுத்தினான். "இருபத்தஞ்சு."

"குளிர் அறையில வச்சு ஓட்டணும். நாலு டிகிரி. அப்பத்தான் தோள் விலகும்."

வாயிலிருந்து வந்துவிட்டது. பதினாலு மாதத்தில் நான் கண்டது அது ஒன்றுதான். அதையும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கொடுத்துவிட்டேன். இனி அவனுக்கு நான் தேவையில்லை. அவனுக்கும் அது புரிந்தது. பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

அவனிடமிருந்து ஒரு மெயில். கடிதம் ஒன்றுமில்லை, இணைப்பு மட்டும். திருத்திய கட்டுரை. செய்முறையில் மூன்றும் இருந்தன. மூன்றாவதில் 'வேண்டுமென்றே' என்ற சொல்கூட விடுபடவில்லை. என் பெயர் இரண்டாவது. முகுந்தன் சாரின் பெயர் எங்குமே இல்லை. லேப் பிள்ளைகளிடம் போனில் கேட்டேன்: அவர் விலகிக்கொண்டாராம், ஜெரால்டையும் விலகச் சொல்லிவிட்டாராம். டாக்டர் ரெஹானா தன் மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த பழைய எக்ஸ்ரே அறையைக் கேட்டு வாங்கிக்கொடுத்திருக்கிறார். ஒரு பழைய கருவி மட்டும் உண்டு, குளிர் அறை கிடையாது.

கட்டுரையின் அடியில் ஒரே ஒரு வரி. 'ஏ.சி. பதினாறுக்குக் கீழ போக மாட்டேங்குது. நாலு டிகிரிக்கு என்ன செய்ய?'

பட்டறையில் இவரிடம் காட்டினேன். பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றின் கம்ப்ரசரைக் கழற்றிக் கருவியைச் சுற்றிக் கட்டிவிடலாம் என்றார். "நான் வந்து மாட்டித் தர்றேன். ஆனா உங்க சண்டைக்குள்ள என்னை இழுக்காத" என்றார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

முதல் நாள். பஸ்ஸில் இரண்டேகால் மணி நேரம். ஜெரால்டு வணக்கம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் பெட்டிக் கம்ப்ரசர் நன்றாக ஓடுகிறது. நான்காவது பீக் மதியம் மூன்று மணிக்குத் தனியாக வந்தது.

டாக்டர் ரெஹானா எட்டிப் பார்த்தார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ரெண்டு பொண்ணுங்க. மூத்தது எட்டாவது படிக்குது."

பழனியம்மாளின் குழந்தைகளைப் பற்றி இவர் கேட்டது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, கம்ப்ரசர் மாட்ட வந்த அன்று இவரே விசாரித்திருக்கிறார்.

பிப்ரவரி 8, வியாழன்

ஆறு மாதமாக இந்த நோட்டைத் தொடவில்லை. எழுத ஒன்றுமில்லாமல் அல்ல, வேலை இருந்தது. கட்டுரையை இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின, மூன்றாவது எடுத்துக்கொண்டது. முகுந்தன் சார் புகார் எழுதினார், பதில் எழுதினோம். வேறு இரண்டு லேப்களில் வேலை கேட்டேன். கட்டுரையில் 'வேண்டுமென்றே' என்ற அந்தச் சொல்லை வாசித்திருக்கிறார்கள். இரண்டிலும் இல்லை என்றார்கள். ஜெரால்டுக்கும் இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று வாரம் ஒரு முறையாவது சொல்கிறான். உண்மைதான்.

இன்று சீரம் நிலையத்திலிருந்து முதல் குப்பி வந்தது. குதிரைகள் ஐந்து மாதம் உடம்பில் வளர்த்தது. கோழித் தசையைக் கம்பியில் கட்டினோம். துடித்தது. நான்காவது பீக்கை ஊற்றினேன். பதினெட்டு நிமிடத்தில் நின்றது. பேனா முள் தாளில் நேர்கோடு போட்டது. அவன் குப்பியை உடைத்து ஊற்றினான்.

பத்து நிமிடம். ஒன்றுமில்லை. இருபது. டாக்டர் ரெஹானா உள்ளே வந்து கதவில் சாய்ந்து நின்றார். முப்பது. ஜெரால்டு உட்காராமல் நின்றான்.

முப்பத்தேழாவது நிமிடத்தில் கோட்டில் ஒரு நெளிவு. மேசை ஆடியதோ என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேசையிலிருந்து கையை எடுத்தோம். மறுபடியும் நெளிந்தது. அப்புறம் சின்னதாக, நிச்சயமாக, ஒரு துடிப்பு. பிறகு இன்னொன்று.

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

"உங்கள நான் மன்னிக்கல" என்றான் ஜெரால்டு, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் கேக்கல" என்றேன். "நேரத்தச் சொல்லு."

"முப்பத்தொம்போது."

எழுதிக்கொண்டேன்.